கடைசியாக நுழைகிறவர்கள்

கில்டோரன் கிராமத்தில் எந்த வாசலாக இருந்தாலும் லாக்லன் டர்வர்ட் கடைசியாகத்தான் நுழைவார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய மணி அடித்து ஓய்ந்து, ஊர் முழுக்க உள்ளே போய் உட்கார்ந்து இருமி முடித்த பிறகுதான் அவர் தொப்பி வாசலில் தெரியும். கடைக்கு மாவு வாங்கப் போனால், பின்னால் யாராவது வருகிறார்களா என்று தெருவை ஒரு தடவை பார்த்துக்கொள்வார். வந்தால் ஒதுங்கி நின்று, "நீங்க போங்க" என்பார். வயது ஐம்பத்தொன்பது. சுற்று வட்டாரக் குதிரைக்கெல்லாம் லாடம் அடித்த கொல்லர். கோபக்காரக் குதிரையின் காலை ஒரு கையால் மடக்கிப் பிடிக்கிறவர், வாசல்படி என்று வந்துவிட்டால் பூனையாகிவிடுவார். அதில் வஞ்சம் ஒன்றும் இல்லை, பழக்கம்தான் என்று ஊர் சொல்லும். வஞ்சமே இல்லாமல் ஒரு குடும்பத்தை முந்நூறு வருஷம் வாசலில் நிறுத்திவைக்க முடிந்திருக்கிறது, அதுதான் வேடிக்கை.

காரணம் மேலே, ஏரிக்கரைப் பாறைமேல் நின்றது. டோரன் கோட்டைக்குக் கூரை போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. ஆனால் நாற்புறச் சுவரும் விழவில்லை. உள்ளே போகத் தெற்குப் பக்க வளைவு ஒன்றுதான் வழி. சாயங்கால வெயில் அந்தச் சிவப்புக் கல்லில் விழும்போது, கீழே வயலில் சண்டை போட்டுக்கொண்டிருப்பவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது.

முந்நூறு வருஷத்துக்கு முன்பு, தெற்கிலிருந்து வந்த சிவப்புச் சட்டைப் படை அந்தக் கோட்டையை ஒன்பது நாள் சூழ்ந்து கிடந்தது. வளைவில் இரும்புக் கம்பிக் கதவு. அதன் காவல்காரன் டங்கன் டர்வர்ட். ஒன்பதாம் நாள் விடிந்ததும் அவன் கதவைத் திறந்துவிட்டான். உள்ளே இருந்த முப்பத்தொரு பேரும் செத்தார்கள். டங்கன் என்ன ஆனான் என்று கதை சொல்வதில்லை. அவன் மனைவியும் கைக்குழந்தையும் கீழே ஊரில் இருந்தார்கள், அந்தக் குழந்தையின் வழிதான் லாக்லன். வளைவின் இடது தூணில் முழங்கை ஆழத்துக்கு ஒரு பொந்து உண்டு. எதிரி அனுப்பிய கடிதங்களை டங்கன் அதில்தான் ஒளித்துவைத்தானாம். துரோகிப் பொந்து என்று பெயர். கில்டோரன் குழந்தைகள் நடக்கப் பழகியதும் முதலில் கையை விட்டுப் பார்ப்பது அதில்தான்.

ஆகஸ்ட் முதல் தேதி, புதுத் தானியத்தில் முதல் ரொட்டி சுடுகிற லாமஸ் நாளில், ஊரே கோட்டைக்கு ஏறும். டர்வர்ட் குடும்பத்தின் மூத்த ஆள் வளைவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எல்லோரும் அவரைத் தாண்டி உள்ளே போவார்கள். போனதும் திரும்பி நின்று, அவரைப் பார்த்து மூன்று தடவை கத்துவார்கள்:

"கூனியந் தோரஸ்! கூனியந் தோரஸ்! கூனியந் தோரஸ்!"

'அவன் கதவைத் திறந்தான்' என்று அர்த்தம். அதன் பிறகு அவரையும் உள்ளே கூப்பிட்டு, தோளில் தட்டி, விஸ்கியும் ரொட்டியும் கொடுப்பார்கள். வார்த்தைகள் மலைநாட்டின் பழைய மொழியான கேலிக். ஊரில் அதைப் பேசத் தெரிந்த கடைசிக் கிழவர் செத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கில்டோரனில் கேலிக், கேலிக்கு மட்டும்தான் மிச்சமாயிருந்தது.

லாக்லன் இருபத்தெட்டு வருஷம் நின்றார். 1955-ல் நிற்க முடியாமல் போனது. உலைப் புகை நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மலையேறினால் இறக்கிக் கொண்டுவர நாலு பேர் வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த டர்வர்ட் என்றால் அவருடைய ஒரே மகள் மைசி. தாயில்லாத பெண், தபாலாபீஸில் டெலிபோன் இணைக்கிற வேலை. இருபத்தாறு வயதில் அவள் ஒரு வாசலிலும் ஒதுங்கி நின்றதில்லை. அதற்காகவே ஊரில் அவளுக்குத் திமிர் பிடித்தவள் என்று பெயர்.

"நான் நிக்க மாட்டேம்ப்பா," என்றாள். "கிளாஸ்கோ எக்ஸ்சேஞ்சுல வேலை தரேன்னு எழுதிட்டாங்க. லாமஸ் அன்னிக்குப் பத்து மணி பஸ்ல கிளம்பறேன்."

"அன்னிக்கேவா?"

"அன்னிக்கேதான். மேல இருந்து பாத்தா பஸ் போறது நல்லாத் தெரியும். கத்தறவங்க பஸ்ஸைப் பாத்துக் கத்தட்டும்."

"அரைமணி நேரம்மா. சும்மா விளையாட்டு. முடிஞ்சதும் ரொட்டி குடுப்பாங்க."

"முந்நூறு வருஷமா ஒரு ரொட்டிக்கா நின்னுட்டு இருக்கோம்? நான் சுட்டுத் தரேன். வீட்டுக்குள்ள உக்காந்து தின்னுங்க."

லாக்லன் பயந்தது வேறு ஒன்றுக்கு. டர்வர்ட் யாரும் நிற்காவிட்டால், 'துரோகி வம்சம்தானே, ஓடிவிட்டது' என்று ஊர் சொல்லும். அந்தப் பேச்சு மகள்மேல் விழும், அவள் அப்புறம் இந்தப் பக்கம் திரும்பியே பார்க்க மாட்டாள். அந்தப் பயத்தை அவரால் சொல்ல முடியவில்லை, இருமத்தான் முடிந்தது.

அந்த இருமலுக்கு நடுவில்தான் நர்ஸ் எஃபி மக்காஸ்கில் உள்ளே வந்தாள். வடமேற்குத் தீவுக்காரி. ஊருக்கு மாற்றலாகி வந்து ஆறு வாரம்தான் ஆகிறது. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, கேட்காமலே லாக்லனின் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"தெரு முனை வரைக்கும் சத்தம் கேக்குது. யாரு எங்க நிக்கணும்? மூச்சை இழுங்க."

மைசி எல்லாவற்றையும் சொன்னாள், கோபம் இருந்ததால் வேகமாகவே சொன்னாள். கடைசியில் அந்த வார்த்தையையும் சொன்னாள். சொல்லும்போது குரல் இறங்கியது. டர்வர்ட் வீட்டுக்குள் அதை யாரும் உச்சரிப்பதில்லை.

எஃபி காதிலிருந்து குழாயைக் கழற்றினாள்.

"திரும்பச் சொல்லு."

"கூனியந் தோரஸ்."

"இதையா ஏசறதா நினைச்சுட்டு இருக்கீங்க? யாரு சொன்னாங்க இதுக்குத் திறந்தான்னு அர்த்தம்னு?"

"எங்க தாத்தா காலத்துப் பாதிரியார்," என்றார் லாக்லன். "பிரசங்கத்துலயே சொன்னாராம்."

"அவருக்கு கேலிக் தெரியுமா?"

"அவரு எடின்பரோக்காரரு, நர்ஸம்மா."

"அதானே பாத்தேன்." எஃபி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இதைக் கேளுங்க. எங்க தீவுல காத்து ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. எங்கம்மா ஒரு நாளைக்கு நாப்பது தடவை கத்துவாங்க, 'தூன் அன் தோரஸ்'னு. கதவை மூடுன்னு அர்த்தம். ஒருத்தன் ஏற்கெனவே மூடிட்டான்னா, முதல் எழுத்து தொண்டைக்குள்ள போய், 'தூன்' 'கூன்' ஆயிடும். அவ்வளவுதான் வித்தியாசம். கூனியந் தோரஸ். அவன் கதவை மூடினான்."

"திறந்தான்னா?"

"அது கோஸ்கில். இதுக்குக் கிட்டவே வராது. மிஸ்டர் டர்வர்ட், உங்க ஊர்ல உங்களை யாரும் ஏசல. வருஷா வருஷம் எல்லாரும் மலை ஏறிப் போய் உங்களைக் கொண்டாடிட்டு வராங்க."

லாக்லன் பொத்தான் போட மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். இருபத்தெட்டு வருஷமாகத் தன் முகத்துக்கு நேரே வந்து விழுந்த வார்த்தை அது. அவருடைய அப்பா முகத்திலும் விழுந்தது, தாத்தா முகத்திலும். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

பொத்தானைப் போட்டுக்கொண்டு அவர் டூகல் ராட்ரேயிடம் போனார். ராட்ரே பெரிய பண்ணைக்காரர், தேவாலய மூப்பர். இருபது வருஷமாக அந்தக் கூச்சலுக்கு முதல் குரல் கொடுக்கிறவர். இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"தீவுக்காரங்க பேசறது மீன் கேலிக்ப்பா," என்றார் ராட்ரே. "நம்மது மலைக் கேலிக். அங்க மூடினான்னா இங்க திறந்தான்னு இருக்கும்."

"உனக்கு மலைக் கேலிக் தெரியுமா டூகல்?"

"தெரியாது. ஆனா அந்தக் காலத்துல தெரிஞ்சவங்க இருந்தாங்கல்ல? உன்னைக் கொண்டாடறதுக்கா வெளிய நிறுத்தி வெச்சிருப்பாங்க? யோசிச்சுப் பேசுப்பா."

லாக்லன் தொப்பியைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதலில் ஒரு காவல்காரன் வாசலில் மரியாதையோடு நிறுத்தப்பட்டிருக்கலாம். அர்த்தம் தெரிந்தவர்கள் செத்துப்போக, நிற்கிறவனும் கூச்சலும் மட்டும் மிஞ்சியிருக்கலாம். இதையெல்லாம் அவர் வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் யோசித்தார். நமக்கும் நல்ல பதில் அப்படித்தானே வருகிறது.

அந்த வருஷம் மே மாதத்துக்குப் பிறகு மழையே இல்லை. மழையைத் திட்டியே வளர்ந்த ஊர், திட்ட ஒன்றும் கிடைக்காமல் தவித்தது. டோரன் ஏரி கரையை விட்டு உள்ளே போய், யாரும் பார்த்திராத கறுப்புச் சேறு வெளியே வந்தது. லாமஸுக்கு ஐந்து நாள் முன்பு ராட்ரேயின் பசு ஒன்று தண்ணீர் குடிக்க இறங்கி, கோட்டைப் பாறைக்கு அடியில் கால் மாட்டிக்கொண்டு அலறியது. காலை விடுவிக்கப் போன ராட்ரே, சேற்றுக்குள் இரும்பைத் தொட்டார். பெரிய இரும்பு. டிராக்டரைக் கொண்டுவந்து சங்கிலி கட்டியவர், இழுப்பதற்கு முன் கொல்லரைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். அந்த ஒரு காரியத்துக்காகவே அவரை எத்தனையோ மன்னிக்கலாம்.

டிராக்டர் உறுமியது. சேறு விட மாட்டேன் என்றது. பிறகு ஒரு நீண்ட உறிஞ்சல் சத்தத்தோடு, கறுப்பு நீர் நாலாபக்கமும் வழிய, அது எழுந்தது. ஆள் உயரத்துக்கு மேல் இன்னும் அரை ஆள் உயரம். கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட கம்பிகள். வேடிக்கை பார்க்க வந்த அறுபது எழுபது பேரும் ஓரடி பின்னால் போனார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்ட கதை, கண் முன்னால் தண்ணீர் சொட்டிக்கொண்டு நின்றது.

லாக்லன் முட்டி போட்டு, சேற்றைக் கையால் வழித்தார். கம்பிகள் பாய் முடைந்ததுபோல் பின்னியிருந்தன. ஒரு பகுதியில் நெடுங்கம்பி குறுக்குக் கம்பியைத் துளைத்துக்கொண்டு போனது, அடுத்த பகுதியில் குறுக்குக் கம்பி நெடுங்கம்பியைத் துளைத்தது. எந்தக் கம்பியையும் தனியாக உருவ முடியாது. இதை அடித்தவன் எத்தனை நாள் உலை முன்னால் நின்றிருப்பான் என்று அவர் கை கணக்குப் போட்டது. அந்தக் கை பிறகு தாழ்ப்பாளுக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

தாழ்ப்பாள் வெளியே நீண்டிருந்தது. சட்டத்தைத் தாண்டி ஒன்றரைச் சாண். அதைப் பிடித்திருந்த பூட்டு, துருவேறி ஒரு உருளைக்கிழங்கு போல ஆகிவிட்டிருந்தாலும், பூட்டியபடியே இருந்தது.

"மைசி," என்று கூப்பிட்டார். "இங்க வாம்மா. நீ பாரு. என் கண்ணு சரியில்ல."

அவள் சேற்றில் இறங்கி வந்தாள். பார்த்தாள். அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டியிருக்குப்பா."

"சத்தமாச் சொல்லு."

"பூட்டியிருக்கு!" என்று அவள் கரையைப் பார்த்துக் கத்தினாள். அவள் குரல் கோட்டைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

ராட்ரே இறங்கி வந்து மறுபக்கத்தைத் தடவினார். கீல் மாட்டுகிற மேல் கொக்கி கதவோடு வந்திருந்தது. அதன் வாலில், கல்லில் பதிக்கக் காய்ச்சி ஊற்றிய ஈயம், ஈயத்தைச் சுற்றி மனிதத் தலை அளவு சிவப்புக் கல். கீழ்க் கொக்கி பாதியில் முறிந்திருந்தது. நடுக் கம்பியில், வெளிப்பக்கத்தில், பழைய சங்கிலியின் மூன்று வளையங்கள் இறுகிக் கிடந்தன.

"இதைத் திறக்கல டூகல்," என்றார் லாக்லன். மூச்சு வாங்கியது. "வெளிய இருந்து சங்கிலி போட்டு, குதிரையோ மாடோ கட்டி, சுவத்தோட பிடுங்கி ஏரில தள்ளியிருக்காங்க. திறக்க முடியாமத்தான் பிடுங்கியிருக்காங்க."

ராட்ரே சுத்தியல் வாங்கிக் கொக்கியைக் கல்லோடு கதவிலிருந்து கழற்றினார். அந்தக் கல்லை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பாறை மேல் ஏறினார். ஊர் பின்னால் போனது. லாக்லனை இரண்டு பேர் தாங்கிக் கூட்டிப்போனார்கள். வளைவின் இடது தூணில், துரோகிப் பொந்துக்கு முன்னால் நின்ற ராட்ரே, கல்லை இப்படியும் அப்படியும் திருப்பினார். பிறகு உள்ளே தள்ளினார். அது தன் வீட்டுக்குள் போவதுபோல் போய் உட்கார்ந்தது. ஒரு விரல் நுழைய இடமில்லை.

அதற்குக் கீழே தூணில் ஒரு இரும்பு மொட்டு நீட்டிக்கொண்டிருக்கும், லாமஸ் அன்று நாய்களைக் கட்டுவது அதில்தான். அதுதான் முறிந்த கீழ்க் கொக்கியின் மிச்சம் என்று இப்போது எல்லோருக்கும் புரிந்தது. ஒரு கிழவி நாயை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

ராட்ரே தொப்பியைக் கழற்றினார். "முப்பத்தொரு பேர் இல்லை," என்றார் மெதுவாக. "முப்பத்திரண்டு."

லாக்லன் அழுதார். மறைக்கவில்லை. பூட்டின கதவுக்குப் பின்னால், கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டு, குதிரைகள் இழுக்க இழுக்கச் சுவர் விரிசல் விடுவதைப் பார்த்துக்கொண்டு ஒருவன் நின்றிருக்கிறான். ஓடவில்லை. அவன் பெயரைச் சொல்லவே இந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூசினார்கள்.

ராட்ரே ஒதுங்கி, வளைவைக் கை காட்டினார். "நீ முன்னாடி போ லாக்லன்."

லாக்லன் காலை எடுத்துவைக்கப் பார்த்தார். கால் வரவில்லை. "நீ போப்பா," என்றார் வழக்கம்போல. நீ போ, நீ போ என்று இரண்டு கிழவர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். அன்று ஒருவரும் உள்ளே போகவில்லை.

அடுத்த நாலு நாளும் உலை அணையவில்லை. லாக்லன் ஸ்டூலில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மைசி துருத்தி மிதித்தாள், புதுக் கீழ்க் கொக்கியை அவளே அடித்தாள். ராட்ரேயின் ஆட்கள் டிராக்டரால் கதவைத் தூக்கி, ஈயம் காய்ச்சி ஊற்றி, பழைய இடத்தில் நிறுத்தினார்கள். தாழ்ப்பாள் வலது தூணின் பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. பூட்டை யாரும் தொடவில்லை.

லாமஸ் காலையில் லாக்லனை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் எஃபி பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்தபடியே வந்தாள். மைசி தோளில் பெட்டியோடு நடந்து வந்தாள். வளைவுக்கு முன்னால் ராட்ரே இரும்பறுக்கும் ரம்பத்தோடு காத்திருந்தார். முகத்தில் பெரிய ஏற்பாடு செய்த களை.

"எல்லாம் யோசிச்சு வெச்சுட்டேன்," என்றார். "பூட்டை நீயே அறு. கதவை நீயே திற. நீ முதல்ல போற, ஊரு பின்னாடி வருது. கடைசியா நான் வரேன்."

லாக்லன் ரம்பத்தை வாங்கினார். பூட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். கம்பிகளுக்கு அந்தப் பக்கம் முற்றத்துப் புல் வெயிலில் கிடந்தது. கதவு ஏறியதிலிருந்து ஒரு ஆடுகூட உள்ளே போகவில்லை. ரம்பத்தின் பல்லைப் பூட்டின்மேல் வைத்தார். பிறகு ரம்பத்தை எடுத்து, திருப்பி, பிடியை ராட்ரேயிடம் நீட்டினார்.

"வேண்டாம் டூகல். டங்கன் மூடின கதவு இது. முந்நூறு வருஷமா எந்த டர்வர்டும் இதைத் திறக்கல. முதல்ல திறந்தவன்னு என் பேரு வரக் கூடாது."

ராட்ரே ரம்பத்தை வாங்கிக்கொண்டு கதவைப் பார்த்தார்.

"அப்போ உள்ள எப்படிப் போறது?" என்றார் ராட்ரே.

"போக வேண்டாம்."

"நாங்க எங்க நிக்கறது?"

"இங்கதான். என்கூட." லாக்லன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "வெளிய நிக்கறது ஒண்ணும் பெரிய கஷ்டமில்லப்பா. நான் இருபத்தெட்டு வருஷமா நிக்கறேன். முட்டிதான் கொஞ்சம் வலிக்கும்."

ராட்ரே அவருக்கு இடது பக்கத்தில் போய் நின்று தன் தொப்பியையும் கழற்றினார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கதவுக்கு உள்ளே ஒருவருமில்லை. ஊர் முழுக்க வெளியே.

கீழே சாலையில் பத்து மணி பஸ் ஹாரன் அடித்தது. ராட்ரே திரும்பி மைசியைப் பார்த்தார். "உன் பஸ்ஸும்மா."

"அடுத்த வாரமும் வரும்," என்றாள் மைசி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்பாவுக்கு வலது பக்கத்தில் வந்து நின்றாள். "ஆரம்பிங்க. நீங்கதானே முதல் குரல்?"

ராட்ரே தலையை ஆட்டினார். இருபது வருஷமாகக் கத்திய மனிதர், கையிலிருந்த தொப்பியால் லாக்லனைக் காட்டினார்.

அதனால் முதல் குரலை லாக்லன் கொடுத்தார். அந்த வார்த்தையைப் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொல்லாதவர், பூட்டிய கதவைப் பார்த்து, இருமலைப் பிடித்துக்கொண்டு, உள்ளே நிற்கிற ஒருவனுக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல் கத்தினார்.

"கூனியந் தோரஸ்!"